முன்பெருக்கிக்கு ஒரு குரல் உண்டா?

டிரான்சிஸ்டர் முன்பெருக்கிகளின் ஒலிக்குணம் பற்றியும், அதற்காக நாம் செலவிடும் பணத்தைப் பற்றியும் ஒரு பார்வை

வீட்டில் நல்ல இசைக்கருவித் தொகுதி ஒன்றை அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் ஸ்பீக்கரைப் பார்க்கிறார்கள். அடுத்து, அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கிறார்கள். இவ்விரண்டிற்கும் முன்னால் அடக்கமாக அமர்ந்திருக்கும் ஒரு சிறு பெட்டியின் நினைவு கடைசியில்தான் வருகிறது. கடைகளில் ‘பிரீஆம்ப்’ என்று வழங்கும் முன்பெருக்கியே அது.

அதன் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் ரூபாய் வரை செல்கிறது. ஒன்றை ‘இனிமையானது’ என்கிறார்கள். மற்றொன்றை ‘வறட்சியானது’ என்கிறார்கள். வேறொன்றில் ‘தாளம் துள்ளுகிறது’ என்கிறார்கள். ஆனால் அளவுகருவியில் வைத்துப் பார்த்தால், நன்கு வடிவமைக்கப்பட்ட முன்பெருக்கிகள் யாவும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டைத்தான் வரைகின்றன. அப்படியானால் அந்த வர்ணனைகள் எதைக் குறிக்கின்றன? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவருக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. விடையைப் பொறுத்து, அவர் பணம் செல்ல வேண்டிய இடமே மாறிவிடும். ஆகவே அந்தப் பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

முன்பெருக்கி செய்யும் வேலை

முன்பெருக்கியின் பணிகள் மூன்று. இசைத்தட்டுச் சுழலி, சி.டி. பிளேயர், வானொலி முதலிய மூலங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது இரண்டாவது. மிகச் சிறிய மின்குறியை, திறன் பெருக்கி ஏற்கக்கூடிய அளவுக்கு உயர்த்துவது மூன்றாவது.

சி.டி. பிளேயரைப் பொறுத்தவரை மூன்றாவது பணி அநேகமாகத் தேவையே இல்லை. அது வெளியிடும் உச்ச அளவு 2 வோல்ட் என்பது நெடுநாளைய வழக்கம். திறன் பெருக்கியை முழுமையாக இயக்க அதுவே போதும். இசைத்தட்டின் நிலை வேறு. காந்தம் அசையும் வகைக் காட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். கம்பிச்சுருள் அசையும் வகை தருவதோ அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. இதை நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும்போது இரைச்சலையும் உடன் பெருக்கிவிடக் கூடாது.

இத்துடன் இன்னொரு கடமையும் உண்டு. இசைத்தட்டைச் செதுக்கும்போது தாழ்சுரங்களைக் குறைத்தும் உச்சசுரங்களைக் கூட்டியும் பதிகிறார்கள். அவ்வாறு செய்யாவிடில் பள்ளங்கள் அகன்று தட்டில் இடம் போதாமல் போகும். தட்டின் உராய்வு இரைச்சலும் மேலோங்கும். திரும்ப ஒலிக்கும்போது இதை நேர் எதிர்மாறாகத் திருத்த வேண்டும். 1954-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இத்திருத்தத்தை வரையறுக்கிறது. அதன்படி 20 ஹெர்ட்ஸில் தரவேண்டிய பெருக்கம், 20 கிலோஹெர்ட்ஸில் தரவேண்டியதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. ஒரே சுற்று இத்தனை வேறுபாட்டையும் பிசகின்றித் தர வேண்டும். முன்பெருக்கிகளிடையே காதுக்கு எட்டும் வேறுபாடு எங்கேனும் இருக்குமானால், முதலில் தேட வேண்டிய இடம் இதுவே.

டிரான்சிஸ்டருக்குக் கெட்ட பெயர் வந்த விதம்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்காக பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகிய மூவரும் 1956-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். சூடாகாத, சிறிய, நெடுநாள் உழைக்கும் இந்தப் பொருள் 1960-களில் இசைக்கருவிகளுக்குள் புகுந்து, கண்ணாடி வால்வுகளை மெல்ல வெளியேற்றியது.

ஆயினும் இசை ரசிகர் பலர் அதை மனமுவந்து வரவேற்கவில்லை. ‘ஒலி கரடுமுரடாக இருக்கிறது, காது களைத்துப் போகிறது’ என்றனர். அந்தக் குறைகூறலில் உண்மை இருந்தது. திறன் பெருக்கியில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் கையாள்கின்றன. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடத்தில் ஒரு சிறு நொண்டல் ஏற்படும். மெல்லிய இசையில்தான் அது அதிகம் துருத்திக்கொண்டு தெரியும்.

முன்பெருக்கியிலோ பெரும்பாலும் ஒரே டிரான்சிஸ்டர் அலை முழுவதையும் சுமக்கிறது. ஆகவே இந்த நொண்டல் அங்கே இல்லை. எனினும் அதற்கு வேறு நோய்கள் இருந்தன. தொடக்ககால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்தில் நிலைகுலைந்தன; சீறும் இரைச்சலையும் எழுப்பின. சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் வந்தபின் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆனால் செலவைக் குறைக்க இரண்டே டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இசைத்தட்டுப் பகுதியை அமைக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. தாழ்சுரங்களுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு கேட்கும் பெரும் பெருக்கத்தைத் தர, அந்த இரண்டிற்கும் தெம்பு போதவில்லை. அதனால் அடிநாதம் மெலிந்தது. அங்கேயே சிதைவும் கூடியது.

இன்னொரு குறை, குறைந்த மின்னழுத்தம். வால்வுச் சுற்றுகள் 200 வோல்ட்டுக்கு மேல் இயங்கியவை. முதற்காலத் டிரான்சிஸ்டர் சுற்றுகள் சில, 12 அல்லது 20 வோல்ட்டில் காலந்தள்ளின. சராசரியாக 5 மில்லிவோல்ட் தரும் காட்ரிட்ஜ், இசை உச்சத்தைத் தொடும்போதும் ஊசி ஒரு கீறலைத் தாண்டும்போதும் அதைப்போல் பல மடங்கு தரும். அத்தனையையும் தாங்க இயலாத சுற்று, அலையின் தலையை வெட்டிவிடும். ஒரு கீறலின் ‘டக்’ ஒலி, நல்ல முன்பெருக்கியில் நொடியில் மறைந்துவிடும். தாங்குவரம்பு குறைந்த ஒன்றில் அது தடித்து, சற்று நீண்டு ஒலிக்கும். பாட்டனார் காலத்துத் தட்டுகளைப் பெட்டியில் வைத்திருப்போருக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. தட்டு கெட்டுவிட்டது என்று நாம் முடிவுகட்டிய இடத்தில், குற்றவாளி முன்பெருக்கியாகவே இருக்கலாம்.

சிதைவுக்கும் சுருதி உண்டு

எந்தப் பெருக்கியும் தனக்குள் நுழைந்த சுரத்துடன் அதன் மடங்குகளையும் சிறிதளவு சேர்த்தே வெளியிடுகிறது. 220 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை அனுப்பினால் 440, 660, 880 எனப் புதிய சுரங்களும் மெல்ல உடன் வரும். நம் இசைமொழியில் சொன்னால், இரண்டாம் மடங்கு மேல் சட்ஜம். மூன்றாம் மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரம். தம்புராவை உற்றுக் கேட்போருக்கு இவை புதியவை அல்ல. ஏழாம் மடங்கோ எந்தச் சுரத்தானத்திலும் சரியாகப் பொருந்தாமல் விலகி நிற்கும். அதற்கு மேலுள்ளவற்றுள் பல, இசைக்குப் பகையாகவே ஒலிக்கும்.

ஆகவே சிதைவு எத்தனை விழுக்காடு என்பது மட்டும் போதாது. எந்த மடங்கில் என்பதையும் கேட்க வேண்டும். இரண்டாம் மடங்கு ஓரளவு சேர்ந்தாலும், ஒலி சற்றுப் பருத்து இனிமையானதாகவே நமக்குத் தோன்றும். ஏழாம், ஒன்பதாம் மடங்குகள் மிகச் சிறிதளவே கலந்தாலும் ஒலியில் ஒரு கூர்முனை ஏறிவிடும்.

நியூயார்க்கின் சியர் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹேம், 1973-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. மைக்குக்கான முன்பெருக்கிகளை அவர் எடுத்துக்கொண்டார். வால்வு, தனித்தனி டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப் எனப்படும் ஒருங்கிணைந்த சில்லு ஆகிய மூவகைகளையும் ஒப்பிட்டார். தாங்கும் அளவுக்குள் இயங்கும்போது அவற்றிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. தாங்கும் அளவை மீறும்போதுதான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டியது. வால்வு இரண்டாம் மடங்கை முன்னிறுத்தி மெல்ல வளைந்துகொடுத்தது; டிரான்சிஸ்டரில் மூன்றாம் மடங்கு ஓங்கியது; சில்லுகளில் சிதைவு திடீரென்று செங்குத்தாக ஏறியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. டிரான்சிஸ்டர் முன்பெருக்கியின் ‘குரல்’ என்று நாம் குறிப்பிடுவதில் பெரும்பகுதி, அதன் எல்லையில் எழும் கூக்குரலே. எல்லையைத் தொலைவில் வைத்துவிட்டால் அந்தக் குரல் எழுவதே இல்லை.

மூன்று பட்டறைகள், மூன்று கொள்கைகள்

1960-களுக்கும் 1970-களுக்கும் இடையில், எல்லையை எங்கே வைப்பது, எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதில் வடிவமைப்பாளர்கள் வெவ்வேறு வழிகளில் சென்றனர்.

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் நடத்திய நிறுவனம், 1967-இல் குவாட் 33 என்ற முன்பெருக்கியை வெளியிட்டது. வாக்கரின் நோக்கில், முன்பெருக்கி என்பது கேட்பவரின் கையிலுள்ள ஒரு திருத்தக் கருவி. பதிவுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. தேய்ந்த தட்டும் உண்டு, சீறும் பதிவும் உண்டு. ஆகவே தாழ்சுர, உச்சசுரத் திருகுகளோடு 5, 7, 10 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் வடிகட்டிகளையும், வெட்டின் சரிவை மாற்றும் திருகையும் அதில் அமைத்தார். வெவ்வேறு காட்ரிட்ஜுக்கு ஏற்றவாறு பின்புறத்தில் செருகி மாற்றும் சிறு பலகையும் இருந்தது. அந்நாளைய பெருக்கிகளில் பரவலாகக் காணப்பட்ட சுரத்திருகுச் சுற்றுக்கு வழிகாட்டியவர் பீட்டர் பேக்ஸண்டால். 1952-இல் ஆங்கிலேய இதழான ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ மூலம் அவர் அதை உலகுக்கு அளித்தார்.

சாலிஸ்பரியில் 1973-இல் ஜூலியன் வெரிகர் நிறுவிய நெய்ம் ஆடியோ வேறு வழியில் சென்றது. சுரத்திருகுகளுக்கு அங்கே இடமில்லை. முன்பெருக்கியின் அலைவரிசையை, காதுக்குத் தேவையான எல்லைக்குச் சற்று அப்பால் வேண்டுமென்றே வரையறுத்தார்கள். திறன் பெருக்கியும் முன்பெருக்கியும் ஒரே குடும்பமாக இயங்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. முன்பெருக்கிக்கான மின்சாரத்தைத் திறன் பெருக்கியிலிருந்தோ தனிப் பெட்டியிலிருந்தோ பெறும் முறையையும் கைக்கொண்டார்கள். மின்மாற்றியின் ரீங்காரத்தை நுண்ணிய சுற்றிலிருந்து தள்ளிவைக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பொறியியல் நியாயம் உண்டு. நெய்ம் ரசிகர்கள் தாளத்தையும் விறுவிறுப்பையும் பற்றியே பேசுவார்கள். மேடையில் யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்ற பேச்சு அவர்களிடையே குறைவு.

அமெரிக்காவில் மார்க் லெவின்சன் 1970-களில் மூன்றாவது வழியைத் திறந்தார். ஜான் கர்ல் வடிவமைத்த ஜே.சி.-2 முன்பெருக்கியில், தேர்ந்தெடுத்த தனித்தனி உறுப்புகள், மிகக் குறைந்த இரைச்சல், தனி மின்வழங்கி ஆகியவற்றைக் காண்கிறோம், சுரத்திருகு இல்லை. விலையைப் பற்றிக் கவலைப்படாமல் முன்பெருக்கியை ஓர் ஆய்வகக் கருவியைப் போல் செய்யலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. இன்று நாம் காணும் லட்சக்கணக்கான ரூபாய் விலைகளின் ஊற்றுக்கண்களுள் அதுவும் ஒன்று.

வேகம் என்னும் சிக்கல்

தனித்தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதிலாக, முழுச் சுற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கும் ஆப்-ஆம்ப் வந்தபோது மற்றொரு வாதம் கிளம்பியது. 1968-இல் வெளிவந்த 741 என்ற சில்லு பட்டிதொட்டியெங்கும் பரவியது. ஆனால் அதன் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்தான் ஏறும். 10 வோல்ட் உச்சமுள்ள அலையை அது சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உருக்குலையாமல் தர இயலும். அதற்கு மேல் வட்டமான அலை முக்கோணமாகிவிடும். ஜாலராவின் ஒலி மங்குவதும் எரிச்சலூட்டுவதும் இத்தகைய இடங்களில்தான்.

ஃபின்லாந்தின் மட்டி ஓட்டாலா 1970-இல், டிரான்சிஸ்டர் திறன் பெருக்கிகள் திடீர் ஒலி மாற்றங்களைப் பின்தொடர முடியாமல் எழுப்பும் சிதைவைப் பற்றி எழுதினார். அது நீண்ட விவாதத்தைத் தொடங்கிவைத்தது. வேகம் போதுமானதாக இருந்தால் இந்தச் சிதைவு எழாது என்பதே இறுதியில் நிலைத்த தெளிவு. 2 வோல்ட் இசைக்குறியை 20 கிலோஹெர்ட்ஸில் சுமக்க, மைக்ரோ விநாடிக்கு சுமார் 0.36 வோல்ட் போதும். 1970-களின் பிற்பகுதியில் வந்த 5532 என்ற சில்லின் வேகம் 9 வோல்ட். இரைச்சலும் மிகக் குறைவு. ஒலிப்பதிவுக் கூடங்களின் கலவைப் பலகைகளில் இச்சில்லு ஆயிரக்கணக்கில் குடியேறியது. எவ்வளவு விலையுயர்ந்த முன்பெருக்கியில் கேட்டாலும், நம் வீட்டுக்கு வரும் பாடல்களுள் பல ஏற்கெனவே இத்தகைய மலிவான சில்லுகள் பலவற்றைக் கடந்தே வந்திருக்கின்றன. ‘சில்லு இருந்தால் ஒலி கெட்டுவிடும்’ என்ற கூற்றை எடைபோடும்போது இதை நினைவில் கொள்வது நன்று.

குணம் பெட்டியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது

1970-களில் டாம்லின்சன் ஹோல்மன் என்ற பொறியாளர் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். ஆய்வுமேசையில் ஒன்றுபோல் அளக்கப்படும் முன்பெருக்கிகள் வீட்டில் ஏன் வெவ்வேறாக ஒலிக்கின்றன? அவர் சுட்டிய காரணங்களுள் முதன்மையானது, காட்ரிட்ஜும் முன்பெருக்கியும் ஒன்றையொன்று பாதிப்பது. இவரே பின்னாளில் திரையரங்குகளுக்கான டி.எச்.எக்ஸ். தரமுறையை உருவாக்கினார்.

காட்ரிட்ஜுக்குள் இருப்பது ஒரு கம்பிச்சுருள். கம்பியிலும் முன்பெருக்கியின் நுழைவாயிலிலும் மின்தேக்கத்திறன் உண்டு. இரண்டும் சேர்ந்தால், ஊஞ்சலைப் போல் ஓர் இயற்கை அதிர்வெண் கிடைக்கும். 500 மில்லிஹென்றி சுருளுடன் 250 பிக்கோஃபாரட் சேர்ந்தால், அது 14 கிலோஹெர்ட்ஸ் அருகில் அமையும். கம்பியை நீட்டி 400 பிக்கோஃபாரட் ஆக்கினால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் ஒலி புடைக்கும். அதற்கு மேல் சரியும். ‘பளிச்சென்ற முன்பெருக்கி’, ‘மங்கலான முன்பெருக்கி’ என்ற பட்டங்களுள் சில, உண்மையில் ஒரு கம்பியின் நீளத்துக்குச் சேர வேண்டியவை!

வெளியீட்டுப் பக்கமும் அவ்வாறே. டிரான்சிஸ்டர் முன்பெருக்கியின் வெளியீட்டு மின்தடை பெரும்பாலும் சில நூறு ஓம் அளவில் இருக்கும். நீண்ட கம்பியின் 1000 பிக்கோஃபாரட் அதை ஒன்றும் செய்யாது. அதே கம்பியை 10 கிலோ ஓம் மூலத்தோடு இணைத்தால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே உச்சசுரம் மூன்று டெசிபெல் விழுந்துவிடும். பெருக்கமின்றி வால்யூம் திருகு மட்டும் கொண்ட பெட்டிகளைச் சிலர் ‘மென்மையானவை’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டிக்குள்ளேயும் எளிய உறுப்புகள் சில, குணத்தை மாற்றக் கூடும். மலிவான வால்யூம் திருகு, குறைந்த ஒலியளவில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சமமாகத் தருவதில்லை. இரவில் மெல்லக் கேட்கும்போது பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். சிலவகை செராமிக் கப்பாசிட்டர்களின் தேக்கத்திறன் மின்னழுத்தத்துக்கேற்ப மாறிச் சிதைவைத் தரும். ஃபிலிம் வகையில் அக்குறை இல்லை. மின்பகுபொருள் நிறைந்த எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துபோகும். அப்போது அடிநாதம் மெலியும், ரீங்காரம் எழும். முப்பது ஆண்டுப் பழமையான முன்பெருக்கி ஒன்றின் ‘தனிக்குரல்’ அதன் வடிவமைப்பின் குரலா, முதுமையின் குரலா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

காது சொல்வதும் மனம் சொல்வதும்

1978-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மோயர் ஒரு கேட்புச் சோதனையை நடத்தினார். குவாட் நிறுவனத்தின் மூன்று திறன் பெருக்கிகள் அதில் பங்குபெற்றன. ஒன்று வால்வு வகை. மற்ற இரண்டும் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்த டிரான்சிஸ்டர் வகைகள். கேட்டவர்கள் அனுபவமிக்கவர்கள். எது ஒலிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒலியளவு சமமாக வைக்கப்பட்டது. முடிவில் அவர்கள் அளித்த விடைகள், குருட்டாம்போக்கில் சொல்வதிலிருந்து வேறுபடுத்தத் தக்கவையாக இல்லை. இது திறன் பெருக்கிகளைப் பற்றிய சோதனைதான். எனினும், அவற்றைவிட இலகுவான பணியைச் செய்யும் முன்பெருக்கிகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும் எனலாம்.

இச்சோதனைகளில் ஒலியளவைச் சமப்படுத்துவது ஏன் இத்தனை முக்கியம்? ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான உயர்வை நம் காது ‘சத்தம் கூடியது’ என்று உணர்வதில்லை; ‘தெளிவு கூடியது’ என்றே உணர்கிறது. கடையில் இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒன்று இம்மியளவு உரக்க ஒலித்தாலும் அதுவே வெல்லும். விலைச்சீட்டைப் பார்த்துவிட்ட மனமும் அதற்குத் துணை நிற்கும்.

இதனால், வேறுபாடு கேட்கிறது என்போர் பொய் சொல்கிறார்கள் என்று ஆகாது. அவர்கள் கேட்கும் வேறுபாடு, அளவைக் கருவியில் எளிதில் தெரியும் காரணங்களால் விளைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அரை டெசிபெல் சாய்வு, காட்ரிட்ஜின் பொருத்தமின்மை, தாங்குவரம்பின் குறைவு, ரீங்காரம் ஆகியவையே அவை. அக்காரணங்களைக் கண்டறிந்தால், சரிசெய்யும் செலவு பல நேரங்களில் புதிய முன்பெருக்கியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

வாங்குவதற்கு முன்

நம் வாசகர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

• தேவையை முதலில் கணக்கிடுங்கள். சி.டி., கைப்பேசி வழி இசை ஆகியவை மட்டும் கேட்பவருக்கு, நல்ல ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயரே போதும். தனி முன்பெருக்கியின் முழுப் பயன் இசைத்தட்டுக் கேட்பவருக்கே கிடைக்கும்.

• செலவின் வரிசையை மறவாதீர்கள். ஒலியின் தன்மையை அதிகம் மாற்றுபவை ஸ்பீக்கரும் அது வைக்கப்படும் அறையும்; இசைத்தட்டு கேட்பவருக்கு அடுத்தது காட்ரிட்ஜும் ஊசியும்; முன்பெருக்கி அதன் பிறகே. தேய்ந்த ஊசியை மாற்றாமல் முன்பெருக்கியை மாற்றுவது, கண்ணாடியைத் துடைக்காமல் விளக்கை மாற்றுவது போன்றது.

• விவரத்தாளில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். இசைத்தட்டு நுழைவாயிலின் தாங்குவரம்பு, ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவிலிருந்து விலகல், நுழைவாயிலின் மின்தேக்கத்திறன். இவற்றை மறைக்காமல் தரும் தயாரிப்பாளர் நம்பிக்கைக்குரியவர்.

• பழைய இறக்குமதிக் கருவி வாங்குவோர் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கு வந்தவை 100 வோல்ட்டிலும், அமெரிக்காவுக்கு உரியவை 120 வோல்ட்டிலும் இயங்குபவை. நம் வீட்டின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருவி அந்தக் கணமே பாழாகலாம். ஏற்ற இறக்கு மின்மாற்றியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

• பழுதுபார்க்கும் செலவை விலையோடு கூட்டுங்கள். கப்பாசிட்டர்களை மாற்றுவது, சொடுக்கிகளையும் திருகுகளையும் சுத்தம் செய்வது ஆகியவற்றை விவரமறிந்த தொழில்நுட்பரிடமே ஒப்படையுங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்வழங்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வீட்டில் திறந்து பார்ப்பது ஆபத்து.

• ரீங்காரம் கேட்டால் பதறாதீர்கள். சுழலியின் தரையிணைப்புக் கம்பி விடுபட்டிருப்பதும், இரு கருவிகள் இரு வேறு வழிகளில் தரையிணைப்புப் பெறுவதும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்குப் பொதுவான காரணங்கள். பாதுகாப்புக்கான தரையிணைப்பை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள்.

• கேட்டுப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு மிகவும் பழகிய ஒரே பாடலை, ஒரே ஒலியளவில், இரு கருவிகளிலும் கேளுங்கள். எது ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றட்டும். வேறுபாடு புலப்படாவிட்டால் விலை குறைந்ததே உங்களுக்குரியது.

• தவணையில் வாங்குமுன் முழுத்தொகையைப் பாருங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்று அறிவிக்கப்படும் திட்டங்களிலும் செயல்முறைக் கட்டணமும் வரியும் சேரக்கூடும். தவணைக்காலம் முடியும்வரை அந்தத் தொகை மாதந்தோறும் உங்கள் கணக்கிலிருந்து கழியும். அவசரகாலச் சேமிப்பைத் தொடாமல் வாங்க இயலுமா என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

நிறைவாக

நல்ல முன்பெருக்கியின் உயரிய இலக்கு, குரலின்றி இருப்பதே. தன்னிடம் வந்த இசையில் எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் அந்த இலக்கை எட்டி நெடுங்காலம் ஆகிறது. இன்று நடுத்தர விலையிலேயே அது கிட்டுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் கைவேலைக்கும், உறுதிக்கும், அழகுக்கும், பெயருக்கும் செல்கிறது. அவற்றை விரும்பி வாங்குவதில் தவறேதும் இல்லை. பழைய குவாட் ஒன்றின் திருகைத் திருப்புவதிலும் ஒரு நிறைவு உண்டு. எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்தால் போதும்.

டம்டம் ஆலையில் அச்சான பழைய தட்டுகள் நம் நாட்டு வீடுகள் பலவற்றின் பரண்களில் இன்னும் உறங்குகின்றன. அவற்றுள் பாடிய பலர் இன்று இல்லை. அத்தட்டுகளுள் சிலவேனும் வேறு எந்த வடிவிலும் கிடைக்காமல் போகலாம். புதிய ஊசி ஒன்று, தாங்குவரம்பு மிகுந்த எளிய முன்பெருக்கி ஒன்று, தூசு துடைக்க மென்மையான தூரிகை ஒன்று ஆகிய மூன்றும் இருந்தால் அக்குரல்களை மீண்டும் நம் கூடத்துக்கு அழைக்கலாம். நாம் செலவிடும் பணம் முதலில் சென்றுசேர வேண்டிய இடம் அதுவே.